பீரோவுக்குப் பின்னால் இருந்த கதவு

என் வீட்டுக்கும் என் லாத்தா வீட்டுக்கும் நடுவே ஒரு கதவு உண்டு. லாத்தா என்றால் எனக்கு மூத்தவள், என்னைவிட ஆறு வயது பெரியவள். இரண்டு வீடும் முதுகோடு முதுகு ஒட்டி நிற்பவை. என் வாசல் ஒரு தெருவில், அவள் வாசல் அடுத்த தெருவில். தெரு வழியாக அவள் வீட்டுக்குப் போக வேண்டுமானால் முனை திரும்பி, டீக்கடையைத் தாண்டி, பள்ளிவாசல் முகப்பு வழியாகச் சுற்ற வேண்டும். கதவு வழியாகப் போனால் நாலு எட்டு.

எங்கள் கடற்கரை ஊரில் முஸ்லிம் குடும்பங்களில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். அப்படித்தான் லாத்தாவுக்கு ஒன்று, எனக்கு ஒன்று என்று இந்த வீடுகள் வந்தன. அதே வழக்கத்தால்தான் என் மகனும் துபாயிலிருந்து லீவில் வந்தால் அவன் பெண்டாட்டி வீட்டில் தங்குகிறான். எனக்குப் பெண்பிள்ளை இல்லை. லாத்தாவின் ஒரே மகள் மலேசியாவில். ஆக, முன் வீட்டில் நான் ஒருத்தி, பின் வீட்டில் அவள் ஒருத்தி.

அவள் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பில் தகடு வைத்து மூன்று வருஷமாகிறது. ஆஸ்பத்திரியில் கொடுத்த நாலு கால் நடைக்கம்பியைப் பிடித்துக்கொண்டு கட்டிலிலிருந்து கக்கூஸ் வரை போவாள், அவ்வளவுதான். சமைக்க ஒரு பெண் காலையில் வந்து போய்விடும். மற்றதெல்லாம் நான். விடியற்காலை சுபுஹு தொழுததும் சூடாகத் தேயிலை கொண்டுபோவேன். அப்புறம் தலை வாரிவிட, மாத்திரை கொடுக்க, மதியச் சோறு கொடுக்க, சாயங்காலம் அஸர் தொழுத பிறகு சும்மா உட்கார்ந்திருக்க. இப்படிக் கதவு நாள் முழுக்கத் திறந்து மூடும்.

எங்கள் தெருக்களில் பழைய வீடுகள் நிறைய. கடலிலிருந்து வெட்டி எடுத்த கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டியவை. ஒரு மழைக்காலத்தில் மூன்றாவது வீட்டின் மாடி முகப்பு அப்படியே சரிந்து தெருவில் விழுந்தது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை நேரம், தெருவில் ஆள் இல்லை, அல்ஹம்துலில்லாஹ். அதற்குப் பிறகுதான் பழைய வீடுகளை இடிக்காமல் சரிசெய்து கொடுக்கும் திட்டம் ஒன்று எங்கள் ஊருக்கு வந்தது. பூட்டிக் கிடக்கும் வீடுகளில் மறுபடி ஆள் குடிவர வேண்டும், தெருவுக்கு நடமாட்டம் வர வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் கூட்டம் போட்டுச் சொன்னார்களாம். நான் போகவில்லை. மகன் அப்போது லீவில் இருந்தான், அவன்தான் போய்வந்தான்.

"உம்மா, நம்ம வீடும் லிஸ்ட்டுல இருக்கு. மாடி ஒழுகுதுன்னு எத்தன வருசமா சொல்றீங்க? இப்பச் சரியாயிரும்" என்றான்.

எனக்கும் சந்தோஷம்தான்.

ஒரு வாரம் கழித்து வீட்டை அளக்க இரண்டு பேர் வந்தார்கள். சின்ன மிஷினிலிருந்து சிவப்பு வெளிச்சம் அடித்து அளந்தார்கள். அவர்கள் வரப்போகிறார்கள் என்று தெரிந்ததுமே நானும் லாத்தாவுக்குச் சமைக்க வரும் பெண்ணும் கண்ணாடி பீரோவைத் தள்ளிக் கதவை மறைத்து வைத்துவிட்டோம். அந்நிய ஆண்கள் கொல்லை அறை வரை வருகிறார்கள், கதவுக்கு அந்தப் பக்கம் லாத்தா முக்காடு இல்லாமல் படுத்திருப்பாள். வேறு எந்த நினைப்பும் இல்லை. அவள் பக்கத்திலும் பாய்களைச் சுருட்டி நிறுத்தியாயிற்று.

அளக்க வந்தவர் கேட்டது திரைக்குப் பின்னால் நின்ற என் காதில் விழுந்தது. "பின் சுவத்துல வாசல் ஏதும் இருக்கா பாய்?"

"இல்ல சார். அது வெறும் சுவர்" என்றான் என் மகன்.

சின்ன வயதில் ஒரு நாளைக்கு நூறு தரம் அந்தக் கதவு வழியாக ஓடியவன். ஆனால் பெண்கள் புழங்கும் வழியை வெளி ஆளிடம் எப்படிச் சொல்வான்? சர்க்கார் தாளில் அதை வரைந்து பத்துப் பேர் பார்ப்பதா? நல்ல பதில் சொன்னான் என்றுதான் நான் நினைத்தேன்.

பிறகு தாள்கள் வந்தன. வீடு என் பேரில் இருப்பதால் நான்தான் கையெழுத்துப் போட வேண்டும். ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள், என் பேரைத் தெளிவாகவே எழுதுவேன். மகன் விரலை வைத்த இடமெல்லாம் எழுதினேன். வீட்டின் படமும் கூட இருந்தது. மீனைப் பிளந்து விரித்து வைத்த மாதிரி வீடு கிடந்தது. சமையல்கட்டைக் கண்டுபிடித்தேன், கிணற்றைக் கண்டுபிடித்தேன். பின் சுவர் ஒரு தடித்த கறுப்புக் கோடு. அதில் இடைவெளியே இல்லை. அதைப் பார்த்தும் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

மகன் துபாய் திரும்பிய பிறகு வேலை ஆரம்பித்தது. முன்பு ஒரு காலத்தில் நாங்கள் பூசிய சிமெண்டையெல்லாம் கொத்தி எடுத்தார்கள். உப்புக்காற்றுக்குச் சிமெண்ட் ஆகாது, ஈரத்தை உள்ளேயே அடைத்து வைத்துக் கல்லை அரித்துவிடும் என்றார்கள். உண்மைதான். சிமெண்ட் விழுந்த இடத்திலெல்லாம் கல் மாவாக உதிர்ந்தது. நல்ல கல்லில் சிப்பியும் சங்கும் ஒட்டியபடியே இருந்தன. முற்றத்தில் சுண்ணாம்பு ஊறியது. ஒரு பானையில் கடுக்காய்த் தண்ணீர், ஒரு பானையில் சாயல்குடிக் கருப்பட்டி கரைத்த தண்ணீர். எறும்பு வந்து சுண்ணாம்புக்குள் விழுந்து சாகும், பாவம். வீடு முழுக்கப் புளித்த வாடை. என் துணிமணியெல்லாம் அந்த வாடைதான். லாத்தா மூக்கைப் பிடித்துக்கொள்வாள்.

"கொத்தனாருக்கு வாக்கப்பட்டவ மாதிரி வர்றடி" என்பாள்.

மேஸ்திரி சாயல்குடிப் பக்கத்து ஆள். என்னைப் பாயம்மா என்பார். வேலைக்குப் பொறுப்பாக ஒரு பெண் இன்ஜினியர். முப்பது வயது இருக்கும். தலையில் துண்டு கட்டிக்கொண்டு சாரத்தில் ஏறி நிற்பாள். அளக்க வந்தபோது அவள் வரவில்லை, வேலை தொடங்கிய பிறகுதான் வந்தாள். அவள் ஏதாவது கேட்டால் தலையாட்டுவேன், தண்ணீர் கொடுப்பேன். எனக்கு அதற்கு மேல் பேச்சு வராது.

கொல்லை அறைக்கு வேலை வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. அறையைக் காலி செய்துகொடுத்தேன், அளந்துவிட்டுப் போனதும் ஓரமாக விலக்கி வைத்திருந்த பீரோவை மட்டும் அந்தப் பெண்ணோடு சேர்ந்து மறுபடி கதவுக்கு முன்னால் தள்ளிவைத்தேன். என்ன நினைத்து வைத்தேன் என்று இப்போது கேட்டால் சொல்லத் தெரியாது. பீரோவைச் சுற்றிப் பூசிவிட்டுப் போய்விடுவார்கள் என்று நினைத்தேனோ என்னவோ. நாலு பேர் சேர்ந்து அதை நகர்த்தினார்கள். மேஸ்திரி சத்தமாகச் சிரித்தார்.

"என்ன பாயம்மா, பீரோவுக்குப் பின்னாடி பொதையலா வச்சிருக்கீக?"

இன்ஜினியர் வந்து பார்த்தாள். கையிலிருந்த படத்தைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள். கதவு நிலையைத் தட்டிப் பார்த்தாள். பழைய நிலையைக் கரையான் தின்றுவிட்டதால் என் வீட்டுக்காரர் இருக்கும்போது மாற்றி வைத்த நிலை அது. பீரோ நுழைய வேண்டும் என்று அப்போது வாசலை அகலமாக உடைத்துச் சிமெண்ட் போட்டு நிறுத்தினோம். கதவு மேல் மூலையிலிருந்து ஒரு விரிசல் மச்சு விட்டம் வரை ஏறியிருந்தது.

"இது பிற்காலத்துல யாரோ சுவத்த உடைச்சு வச்ச வாசல். அதான் படத்துல இல்ல. மேல மச்சு கனம் முழுக்க இந்தச் சுவத்துலதான் நிக்குது. இத அடைச்சாத்தான் விரிசல் நிக்கும்" என்று மேஸ்திரியிடம் சொன்னாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "அம்மா, இந்தக் கதவு பொழக்கத்துல இருக்கா?"

அறையில் ஆறு ஆண்கள் நின்றார்கள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

"சும்மாதான் கெடக்கு" என்றேன்.

"சரி. வியாழக்கிழம கல்லு வச்சு அடைச்சிரலாம்" என்றாள் அவள்.

அவர்கள் டீ குடிக்கப் போனதும் கதவைத் திறந்துகொண்டு லாத்தாவிடம் ஓடினேன். என் ஓட்டத்தை ஓட்டம் என்று சொன்னால் சிரிப்பார்கள். நடந்ததைச் சொன்னேன். படுத்திருந்தவள் எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

"சும்மாக் கெடக்கா? அப்ப நான் யாருடி? ஒரு நாளைக்கு எத்தன தரம் வந்து உசுர வாங்குற, சும்மாக் கெடக்காம்ல! வாயில கொழுக்கட்டையா வச்சிருந்த?"

"ஆம்பளைக நின்னாக லாத்தா."

"நின்னா? ஒன்னப் பொண்ணு பாக்கவா வந்தாக, இந்த வயசுல?"

அழுகை வந்தது எனக்கு. கதவு அடைபட்டால் என்ன ஆகும் என்று இரண்டு பேருக்கும் தெரியும். என் முழங்காலோடு முனை சுற்றி ஒரு தரம் போய் வரலாம், இரண்டு தரம் போகலாம். மழையில்? அவள் கூப்பிட்டால் எனக்குக் கேட்பது அந்தக் கதவு வழியாகத்தான். அவள் விழுந்த அன்றைக்கும் அப்படித்தான் கேட்டது.

மகனுக்குப் போன் போட்டேன். "உம்மா, தாள்ல கையெழுத்துப் போட்டாச்சு. இப்பப் போயி கதவு இருக்கு, பொழங்குறோம்னு சொன்னா, அன்னைக்கு நான் பொய் சொன்னேன்னு ஆகிரும். வேலைய நிப்பாட்டினாலும் நிப்பாட்டிருவாக. பெரியும்மாவ நம்ம வீட்டுக்கே கூட்டிட்டு வந்துருங்க. ஒரே எடத்துல இருந்தா ஒங்களுக்கும் லேசு" என்றான்.

அவன் சொன்னதில் தப்பு இல்லை. ஆனால் லாத்தாவிடம் சொன்னபோது அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். "எனக்கு எழுதிக்குடுத்த வீட்லருந்து நான் நாலு பேரு தூக்க மையத்தாத்தான் போவேன். வேணும்னா நீ இங்கன வா" என்றாள். நானும் என் வீட்டை விட்டு வரமாட்டேன் என்று அவளுக்குத் தெரியும்.

மறுநாள் புதன்கிழமை. கதவுப் பக்கத்தில் கல் கொண்டுவந்து அடுக்கிவிட்டார்கள். மதியம் ஆட்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். இன்ஜினியர் மட்டும் கொல்லை அறையில் தரையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தாள். லாத்தாவுக்குச் சோறு கொடுக்கும் நேரம். தட்டில் சோறு வைத்து, மேலே மீன் ஆணம் ஊற்றி எடுத்துக்கொண்டு அறைக்குள் வந்தேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள். வழக்கமாக என்றால் அவள் எழுந்து போகும்வரை சமையல்கட்டிலேயே நின்றிருப்பேன். அன்றைக்கு அவளைத் தாண்டிப் போய்க் கல் அடுக்கை ஒட்டி நின்று கதவைத் திறந்தேன்.

"வாங்க" என்றேன்.

அவள் என் பின்னால் வந்தாள்.

லாத்தா அவளை மேலும் கீழும் பார்த்தாள். "நீதான் கதவ அடைக்க வந்த புள்ளையா? உக்காரு. சாப்புட்டியா?"

அந்தப் பெண் உட்கார்ந்தாள். நான் லாத்தா மடியில் துண்டை விரித்துத் தட்டை வைத்தேன். முள் எடுத்துக் கொடுத்தேன். பாதித் தட்டு ஆன பிறகு அந்தப் பெண் மெதுவாகக் கேட்டாள்.

"நேத்துக் கேட்டப்ப சும்மா கெடக்குன்னு சொன்னாங்களேம்மா?"

"அவ பொறந்ததுலருந்து அப்புடித்தான். பசிக்குதாடின்னு கேட்டா இல்லம்பா. அவ கல்யாணத்துல மாப்புள பிடிச்சிருக்கான்னு கேட்டதுக்கும் இல்லன்னுதான் சொன்னா. அப்பறம் நாப்பது வருசம் அந்த மனுசனோட இருந்தா."

அந்தப் பெண் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் சிரித்துவிட்டாள். எனக்கும் சிரிப்பு வந்தது. அதோடு ஏதோ இளகிவிட்டது. பீரோவைத் தள்ளி மறைத்தது, மகன் இல்லை என்று சொன்னது, அது ஏன் என்பது, எல்லாம் நானே சொன்னேன். முன்பு எங்கள் வரிசையில் எல்லா வீட்டுக்கும் இப்படி ஒரு கதவு உண்டு, தெருவில் கால் வைக்காமலே பெண்கள் கல்யாண வீட்டுக்கும் மௌத்தான வீட்டுக்கும் போய்வருவோம் என்று சொன்னபோது அவள் எழுதுவதற்குப் பேனாவைத் தேடினாள்.

"அப்ப இது வீடு கட்டும்போதே வச்ச வாசலா?"

"நிலைதான் புதுசு. வாசல் பழசு" என்றேன்.

அவள் மேஸ்திரிக்குப் போன் செய்தாள். அவர் கையைக் கழுவியும் கழுவாமலும் வந்து, கதவுக்கு மேலே இருந்த சிமெண்டைக் கொத்த ஆரம்பித்தார். நான் லாத்தா பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். கொத்தும் சத்தம் நின்றது. "மேடம், இங்கன பாருங்க" என்றார். சிமெண்டுக்குள்ளே பழைய சுண்ணாம்பில் கல்லை வளைத்துக் கட்டிய வளைவு ஒன்று இருந்தது. ஒரு பக்கம் நாங்கள் அகலப்படுத்தும்போது உடைத்த பக்கம். விரிசல் அந்த உடைசலிலிருந்துதான் கிளம்பியிருந்தது.

"பாயம்மா, சுவரும் வாசலும் ஒண்ணாப் பொறந்ததுதான். பீரோ கொண்டுபோறதுக்குன்னு கைய ஒடிச்சிட்டீக" என்றார் மேஸ்திரி.

ஆனால் அது போதவில்லை. பாஸான படத்தை மாற்ற இராமநாதபுரத்திலிருந்து அதிகாரிகள் வந்து பார்க்க வேண்டும், வீட்டுக்கு உடையவர்கள் எழுதித் தர வேண்டும் என்றாள் இன்ஜினியர். சுவர் இரண்டு வீட்டுக்கும் பொது, ஆகவே உடையவர்கள் என்றால் நானும் லாத்தாவும். எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. முதலில், அளந்த அன்று கதவை மறைத்துவிட்டோம் என்று எழுதினேன். வாசித்துக் காட்டினால் லாத்தாவுக்குப் பிடிக்கவில்லை.

"மறச்சோம்னு எழுதாத. களவாணிப்பய மாதிரி இருக்கு."

"அதானே லாத்தா செஞ்சோம்?"

"செஞ்சா? எல்லாத்தையும் எழுதணுமா?"

எழுதியதை அடிக்கவில்லை நான். அதன் கீழே ஒரு வரி சேர்த்தேன், இந்தக் கதவை வெளியூரிலிருந்து பழைய வீடு பார்க்க வருகிறவர்களுக்குத் திறந்து காட்டக்கூடாது, இது பெண்கள் புழங்கும் வழி என்று. அந்த வரியைக் கேட்டதும் லாத்தா கண்ணாடியை வாங்கிப் போட்டுக்கொண்டு கையெழுத்துப் போட்டாள். மகனிடம் போனில் வாசித்துக் காட்டினேன். "என் பேரப் போட்டுட்டீங்களா?" என்று கேட்டான். போடவில்லை, "மறைத்தோம்" என்றுதான் இருக்கிறது என்றேன். "சரி உம்மா" என்றான்.

அதிகாரிகள் வந்தார்கள். மூன்று ஆண்கள், கோப்பு தூக்க ஒருவர். லாத்தா அன்று காலையிலிருந்தே வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். அவர்கள் வளைவைப் பார்த்தார்கள், போட்டோ எடுத்தார்கள். பெரியவராக இருந்தவர் என் தாளை வாசித்தார். வாசித்து முடித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"மொதல்ல இல்லன்னு சொல்லியிருக்கீங்க. இப்ப இருக்குங்கறீங்க. நெசமாவே இது பொழக்கத்துல இருக்காம்மா?"

இன்ஜினியர் எனக்குப் பதிலாகப் பேச வாயெடுத்தாள்.

"இருக்கு" என்றேன் நான். "ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தரம் போறேன், வாரேன். இன்னும் அவளுக்குத் தேயில குடுக்கல. நீங்க நிக்கறதுனால நிக்கிறேன்."

அவர் சட்டென்று வழிவிட்டு ஒதுங்கினார். நான் போய்த் தேயிலை கொடுத்துவிட்டு வந்தேன். திரும்பி வரும்போது அவர் கோப்பில் எழுதிக்கொண்டிருந்தார்.

உடைந்த வளைவைச் சேர்த்துக் கட்டி, முட்டுக் கொடுத்து, சுண்ணாம்பு காயும்வரை மூன்று வாரம் கதவு வழியே போகக்கூடாது என்றார்கள். அந்த மூன்று வாரமும் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு, தூக்குச்சட்டியோடு தெருவைச் சுற்றிப் போனேன், காலையில் ஒரு தரம், மதியம் ஒரு தரம். மேஸ்திரி ராத்திரிக்கு மட்டும் ஒரு ஏற்பாடு செய்தார். முட்டுக்கட்டைக்கு ஊடே ஒரு கயிற்றை விட்டு, இரண்டு முனையிலும் ஒரு மணியைக் கட்டினார். லாத்தா தேவையில்லாமல் நாலு தரம் அடிப்பாள். நானும் பதிலுக்கு அடிப்பேன்.

தெருவில் நடந்தபோது நிறைய விஷயம் கண்ணில் பட்டது. மூன்றாவது வீட்டு முகப்பு புதுசாக எழும்பியிருந்தது. பூட்டிக் கிடந்த ஒரு வீட்டில் ஈரோட்டுப் பக்கத்துக் குடும்பம் ஒன்று வாடகைக்கு வந்திருந்தது. மூன்று சின்னப் பிள்ளைகள், வாசலில் கோலம். இராமேஸ்வரம் போகிற வழியில் இறங்கி வீடுகளைப் பார்க்க வருகிறவர்கள் போட்டோ எடுத்தார்கள். ஒருத்தி என்னையும் எடுக்கப் பார்த்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டேன். தெருமுனையில் பலகை வைத்து வீடுகளின் படம் ஒட்டியிருந்தது. எங்கள் வீட்டுப் பின் சுவரில் இப்போது ஒரு சின்ன இடைவெளி இருந்தது. அதை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். இரண்டு நாள் அது மனதை உறுத்தியது. அப்புறம் பழகிவிட்டது.

மூன்று வாரம் முடிந்து முட்டுக்கட்டைகளை எடுத்தார்கள். வளைவைப் பழைய அளவுக்கே கட்டியதால் வாசல் நன்றாகக் குறுகிவிட்டது. தட்டோடு நேராகப் போனால் முழங்கை இடித்தது. ஒருக்களித்துப் போனேன். லாத்தா பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இம்புட்டூண்டு வாசலுக்கா அம்புட்டுப் பேரு வந்துட்டுப் போனாக?" என்றாள். பிறகு, "சுவர நானும் பாக்கணும்" என்று கம்பியைப் பிடித்து எழுந்தாள்.

வாசல்வரை வந்தாள். கம்பி உள்ளே நுழையவில்லை. இப்படித் திருப்பிப் பார்த்தோம், அப்படித் திருப்பிப் பார்த்தோம். நுழையவே இல்லை. இதை நானும் யோசிக்கவில்லை, அந்த இன்ஜினியர் பெண்ணும் யோசிக்கவில்லை. எனக்கு முகம் வாடிவிட்டது. லாத்தா கம்பியை அங்கேயே விட்டுவிட்டு என் தோளைப் பிடித்தாள்.

"நீ மொதல்ல போ. மெதுவா" என்றாள்.

நான் முன்னால், அவள் பின்னால், இரண்டு பேரும் ஒருக்களித்து வந்தோம். மூன்று வருஷத்துக்குப் பிறகு என் வீட்டுக்கு வருகிறாள். சுவரைத் தடவிப் பார்த்தாள். சாந்து வழுவழுவென்று குளிர்ச்சியாக இருந்தது. கையை மோந்து பார்த்து முகத்தைச் சுளித்தாள். என் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, ஏதோ விருந்துக்கு வந்தவள் மாதிரி, "ஒன்னும் குடுக்க மாட்டியா?" என்றாள்.

தேயிலை போட்டுக் கொடுத்தேன். குடித்துவிட்டு மாத்திரையைக் கேட்டாள். அது அவள் வீட்டில், தலைமாட்டில் இருந்தது. எடுத்துவரப் போனேன்.